உடைக்க முடியாத சாவியை உடைத்துக் காட்டுவது எப்படி?

செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒளித்துகள்கள் மூலம் பகிரும் குவாண்டம் குறியாக்கத்தை யாராலும் உடைக்க முடியாது என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். அதை உடைத்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள், உடைத்தும் காட்டியிருக்கிறார்கள். இதில் எது பொய் என்றால், இரண்டுமே உண்மைதான். இயற்பியல் விதியில் யாரும் கை வைக்கவில்லை, அதை நம்பிச் செய்த பெட்டியில்தான் ஓட்டை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். 1984-ல் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் சார்லஸ் பென்னட்டும் ஜில் பிரஸாரும் முன்வைத்த முறைக்கு பிபி84 என்று பெயர். அனுப்புபவளை ஆலிஸ் என்றும் வாங்குபவனை பாப் என்றும் வைத்துக்கொள்வோம். ஆலிஸ் ஒவ்வொரு பிட்டையும் (0 அல்லது 1) ஒரு ஃபோட்டானில், அதாவது ஓர் ஒளித்துகளில் ஏற்றி பாபுக்கு அனுப்புகிறாள். ஏற்றுவதற்கு நேர், சாய்வு என்று இரண்டு அச்சுகள், எந்தத் தடவை எது என்பதில் ஒழுங்கே கிடையாது. பாபும் தன் பங்குக்கு இஷ்டப்படி ஓர் அச்சில் அளக்கிறான். அச்சு மாறிப்போனால் விடை தற்செயலாகத்தான் வரும். அப்புறம் எந்த அச்சில் அளந்தோம் என்பதை மட்டும் வெளிப்படையாகப் பேசி, இருவரின் அச்சும் ஒத்துப்போன பிட்களை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். அதுதான் சாவி. நடுவில் ஈவ் என்ற திருடி ஃபோட்டானைப் பிடித்து அளந்து, அதே மாதிரி ஒன்றைத் தயார் செய்து அனுப்பினால், பாதித் தடவை அவள் அச்சைத் தப்பாகத்தான் ஊகிப்பாள். அந்தத் தடவைகளில் பாபின் விடை பாதிக்குப் பாதி தப்பாகும் என்பதால், சாவியில் சராசரியாக 25 சதவீதம் பிழை வரும். சுமார் 11 சதவீதம் தாண்டினாலே சாவியைத் தூக்கிப் போடச் சொல்கிறது கணக்கு. ஈவ் மாட்டிக்கொள்வாள்.

இந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஃபோட்டானைப் பிடிக்கும் பாபின் டிடெக்டர் கணக்கில் எழுதியிருக்கிறபடி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த டிடெக்டர் ஒரு டையோடு. தாங்கும் அளவுக்குச் சற்று மேலே வோல்டேஜ் கொடுத்து அதை இழுத்துக்கட்டிய எலிப்பொறி மாதிரி வைத்திருப்பார்கள். ஒரே ஒரு ஃபோட்டான் பட்டாலும் எலக்ட்ரான்கள் சரிவு போலப் பெருகி மின்னோட்டம் பாயும், எதிரே உள்ள சுற்று அதை ஒரு 'க்ளிக்' என்று பதிவு செய்யும். சரி, இதன் மேல் தொடர்ந்து பளிச்சென்று லேசர் அடித்தால்? மின்னோட்டம் நிற்காமல் ஓடும். வோல்டேஜ் வரும் வழியில் ஒரு மின்தடை இருக்கிறது, வோல்டேஜில் ஒரு பங்கு அதிலேயே விழுந்துவிட, டையோடுக்குக் கிடைப்பது குறைந்து பொறி தளர்ந்துவிடும். இனி அதற்கு ஒற்றை ஃபோட்டான் தெரியாது. சாதாரண ஒளி உணரிதான் அது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பலமான ஒளித்துடிப்பு வந்தால் மட்டும் க்ளிக் செய்யும்.

ஈவுக்கு இது போதும். ஆலிஸ் அனுப்பியதை அவள் தானே அளந்து, அதே விடையை அந்த வரம்புக்குச் சற்று மேலான ஒரு துடிப்பாக பாபுக்கு அனுப்புகிறாள். பாப் அவளுடைய அச்சையே தேர்ந்திருந்தால் முழு ஒளியும் ஒரு டிடெக்டருக்குப் போய் க்ளிக் விழும். வேறு அச்சு என்றால் ஒளி இரண்டு டிடெக்டருக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்து, எதிலும் வரம்பைத் தொடாது; க்ளிக்கே விழாது. அதாவது 25 சதவீதப் பிழை எங்கிருந்து வரவேண்டுமோ அந்தத் தடவைகள் எல்லாம் பதிவேட்டிலேயே ஏறுவதில்லை. பாதித் துடிப்புகள் காணாமல் போனதை பாப் கவனிக்க மாட்டானா? மாட்டான். ஃபைபரில் பெரும்பாலான ஃபோட்டான்கள் எப்படியும் தொலைந்துதான் போகும், டிடெக்டரும் வந்ததில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். ஈவின் துடிப்போ அச்சு ஒத்துப்போனால் தவறாமல் பதிவாகும்.

நார்வேயில் லார்ஸ் லிடர்சனும் வாடிம் மகாரோவும் குழுவினரும் 2010-ல் இதைக் கடையில் விற்ற இரண்டு கருவிகளிலேயே செய்து காட்டினார்கள்: ஒன்று ஐடி குவாண்டிக்கின் கிளாவிஸ்2, மற்றது மேஜிக் நிறுவனத்தின் கியூபிஎன் 5505. அடுத்த வருடமே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 290 மீட்டர் ஃபைபர் இணைப்பின் நடுவில் ஈவின் வேலையை முழுக்கச் செய்யும் கருவியை உட்கார வைத்து, சாவி மொத்தத்தையும் யாருக்கும் தெரியாமல் எடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது சோதனைதான் வாயடைத்தது. முதல் கட்டுரையைப் பார்த்து 'இதெல்லாம் மேஜைமேல்தான் நடக்கும்' என்று சொல்ல இடமிருந்தது, சிங்கப்பூருக்குப் பிறகு இல்லை.

இந்த மாதிரிக் கசிவு புதிதும் அல்ல. பென்னட்டும் பிரஸாரும் 1989-ல் ஓட்டிய முதல் கருவி ஃபோட்டானை 32.5 சென்டிமீட்டர்தான் அனுப்பியது. ஃபோட்டானில் பிட்டை ஏற்றும் ஒவ்வொரு அமைப்புக்கும் அதன் மின்வழங்கி ஒவ்வொரு சத்தம் போட்டது. காது கேட்காத ஈவிடமிருந்து மட்டும் அது முழுப் பாதுகாப்பு என்று பிரஸாரே பிற்பாடு கிண்டலடித்தார்.

இந்த வேலையில் உடைத்துக் காட்டுவது பாதிதான். 2010 கட்டுரை அச்சாவதற்கு முன்பே ஐடி குவாண்டிக்குக்கு விஷயத்தைச் சொன்னார்கள். பிறகு அந்த நிறுவனம் டிடெக்டரின் திறனை அவ்வப்போது மாற்றிப் பார்த்து ஈவைக் கண்டுபிடிக்கும் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தது, 2016-ல் அதையும் சோதித்து உடைக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். இதற்கிடையே 2012-ல் ஹோய்-குவோங் லோ என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் துணிச்சலான ஒரு வழி சொன்னார்கள்: டிடெக்டரை ஈவிடமே கொடுத்துவிடுங்கள். ஆலிஸ், பாப் இருவரும் நடுவிலிருக்கும் ஒரு நிலையத்துக்கு ஃபோட்டான் அனுப்புவார்கள், அந்த நிலையம் இரண்டு பிட்களும் ஒன்றா வேறா என்பதை மட்டும் அறிவிக்கும், மதிப்பைச் சொல்லாது. நிலையத்தைத் திருடியே நடத்தினாலும் பயனில்லை, பொய் சொன்னால் பிழையில் தெரிந்துவிடும்.

டிடெக்டர் பிரச்சினை அதோடு தீர்ந்தது, ஆனால் அனுப்பும் பக்கம் மிச்சம். ஃபைபர் இருவழிப் பாதை. ஈவ் ஆலிஸின் பெட்டிக்குள்ளும் பல வாட் லேசரைத் திருப்பி அடிக்கலாம். ஒளியை ஒற்றை ஃபோட்டான் அளவுக்குக் குறைக்கும் அட்டெனுவேட்டரை அப்படிச் சுட்டுப் பார்த்தபோது, சிலவகை நிரந்தரமாகப் பழுதாகி, குறைக்க வேண்டியதை விட அதிக ஒளியை வெளியே விட்டன. அதனால் வெளியிலிருந்து வரும் ஒளியைத் தடுக்க வாசலில் ஐசோலேட்டர் வைக்கிறார்கள். அதையும் சுட்டுப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்துவிட்டது: லேசர் படும்போது தடுப்பு குறைகிறது, ஆனால் முழுக்கப் போய்விடுவதில்லை. ஆகவே அடி வாங்குவதற்கென்றே வெளிப்பக்கம் இன்னொரு ஐசோலேட்டரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.