கேரக்டர் எங்கிருந்து வருது? ஹிப்போகாம்பஸ், சேமியா, அப்புறம் ஒரு 18 வயசுப் பொண்ணு

ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தாங்க. முதல் நாவல் எழுதிட்டிருக்காங்களாம், பாதி தாண்டியாச்சு, ஆனா அதுல வர்ற பொம்பளைங்க எல்லாருமே அவங்க அத்தை மாதிரியே பேசுறாங்க, வில்லி உட்பட. "பெரிய எழுத்தாளருக்கு மட்டும் எப்படி சார் புதுசு புதுசா ஆளுங்க கிடைக்கிறாங்க, மூளைக்குள்ள என்னதான் நடக்குது, இல்ல இதெல்லாம் சரஸ்வதி கடாட்சமா?"னு கேட்டிருந்தாங்க.

கடாட்சம்ங்கிற பதில் நம்மூர்ல ரொம்பப் பழசு. காளமேகப் புலவர் கதை தெரியும்ல, கோயில் மடப்பள்ளி ஆளு, திருவானைக்காவல்ல தூங்கிட்டிருந்தப்ப அம்பாள் தாம்பூலத்த அவர் வாயில உமிழ்ந்தாங்க, எழுந்தா பாட்டு மழையா கொட்டுது. கதையா கேக்க எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா இதையே விளக்கம்னு எடுத்துக்கிட்டா தாம்பூலம் கிடைக்காதவங்க எல்லாம் நமக்குக் குடுப்பினை இல்லனு லேப்டாப்ப மூடிட்டுப் போயிடுவாங்க. ஜாதகத்துல புதன் எங்க உக்காந்திருக்காருன்னு பாத்து எழுத்தாளர் ஆவியா மாட்டியான்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நாம மண்டைக்குள்ள போவோம்.

ஞாபகம்ங்கிறது அப்படியே பதிஞ்சு கிடக்கிற ரெக்கார்டிங் இல்லங்கிறது இப்ப பல பேருக்குத் தெரியும். முகம் ஒரு இடத்துல, குரல் ஒரு இடத்துல, வாசனை ஒரு இடத்துல, பயம் இன்னொரு இடத்துலன்னு பிரிஞ்சு கிடக்கு, நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அஞ்சறைப்பெட்டியத் திறந்து புதுசா தாளிக்கிற மாதிரிதான். கரண்டி பிடிக்கிறது ஹிப்போகாம்பஸ், ரெண்டு காதுக்கும் உள்பக்கமா ஆழத்துல கடல்குதிரை மாதிரி வளைஞ்சு கிடக்குமே அதான். இது வரைக்கும் பாடப் புத்தகம்.

இதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச கட்டம். டொரான்டோல ஒரு நோயாளி, கே.சி.ங்கிற முதலெழுத்துலதான் உலகத்துக்கே தெரியும், 1981ல பைக் விபத்துல தலையில அடிபட்டு ரெண்டு பக்க ஹிப்போகாம்பஸும் சேதம். செஸ் ஆடுவாரு, பேசுவாரு, ஆனா தன் வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவத்தக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியாது. எண்டெல் டல்விங்ங்கிற சைக்காலஜிஸ்ட் அவர்கிட்ட நேத்து என்ன நடந்துச்சுன்னு கேட்டாலும் வெறுமைதான், நாளைக்கு என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டாலும் அதே வெறுமைதான். நேத்து போனா நாளையும் சேந்து போயிடுது!

2007ல லண்டன்ல டெமிஸ் ஹஸாபிஸ், எலினர் மக்வயர் டீம் இத இன்னும் தெளிவாப் பாத்தாங்க. (ஆமா அதே ஹஸாபிஸ்தான், பின்னாடி டீப்மைண்ட்ங்கிற ஏஐ கம்பெனி ஆரம்பிச்சு 2024ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினவரு, அதுக்கெல்லாம் முன்னாடி வீடியோ கேம் பண்ணிட்டிருந்தவரு.) ஹிப்போகாம்பஸ் கெட்டுப்போன 5 பேர்கிட்ட, நீங்க ஒரு அழகான கடற்கரையில வெள்ளை மணல்ல படுத்திருக்கீங்க, என்ன தெரியுதுன்னு சொல்லுங்கன்னாங்க. இதுல ஞாபகம் வச்சுக்க எதுவுமே இல்ல பாருங்க, சும்மா கற்பனை பண்ணா போதும், நம்மள மாதிரி ஆளுங்க தென்னமரம், படகு, தூரத்துல ஹோட்டல்னு அளந்து விட்டுட்டே போவோம். அந்த 5 பேர்ல 4 பேரால முடியல. வானம் தெரியுது, கடல் சத்தம் கேக்குதுங்கிற மாதிரி துண்டு துண்டா வருது, ஆனா அந்தத் துண்டெல்லாம் சேந்து ஒரு இடமா நிக்கவே இல்ல. அதாவது பழசை நினைக்கிறதும் இல்லாததைக் கற்பனை பண்றதும் ரெண்டு டிபார்ட்மெண்ட் இல்ல, ஒரே ஆபீஸ், ஒரே ஸ்டாஃப்.

சரி அது இடம், ஆளு? 2014ல ஹஸாபிஸ், நேதன் ஸ்ப்ரெங், டேனியல் ஷாக்டர் இவங்கல்லாம் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு சந்தோஷம் தாங்காது, ஏன்னா இது கிட்டத்தட்ட நாவலாசிரியர் வேலையத் தூக்கி ஸ்கேனருக்குள்ள வச்ச மாதிரி. கற்பனையா 4 ஆளுங்கள உருவாக்கினாங்க. ரெண்டே ரெண்டு குணம்தான்: ஒண்ணு, அடுத்தவங்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்துப் போவாங்க; இன்னொண்ணு, எவ்வளவு கலகலன்னு பழகுவாங்க. ரெண்டும் தூக்கலா இருக்கிற ஒருத்தர், ரெண்டும் கம்மியா இருக்கிற ஒருத்தர், ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கின ரெண்டு பேரு, மொத்தம் 4. ஆய்வுல கலந்துக்கிட்டவங்க இந்த 4 பேரப் பத்தியும் நல்லா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் எம்ஆர்ஐக்குள்ள படுக்க வச்சு, இந்த மாதிரி ஒரு சூழ்நிலையில இந்த ஆளு என்ன செய்வாருன்னு யோசிக்கச் சொன்னாங்க.

கவனிச்சுப் பாருங்க, இந்த 4 பேரும் உலகத்துல கிடையாது, அவங்க என்ன செய்வாங்கன்னு எங்கயும் எழுதி வைக்கல, படுத்திருக்கிற மனுஷனோட மூளைதான் அந்த நிமிஷத்துல கண்டுபிடிச்சாகணும். கண்டுபிடிக்குது. விட்டுக்கொடுக்கிற குணம் ஏறினா இறங்கினா இடது பக்கம் காதை ஒட்டின டெம்போரல் பகுதியிலயும் நடு நெத்திக்குப் பின்னாடி கொஞ்சம் மேலயும் வித்தியாசம் தெரியுது. கலகலப்பு ஏறி இறங்கினா அது மூளையோட பின்பக்க நடுவுல, போஸ்டீரியர் சிங்குலேட்ல தெரியுது. குணங்கள் இப்படித் தனித்தனியாக் கிடக்க, முன்னாடி, நடு நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மீடியல் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸோட ஒரு பகுதியில மட்டும் ஆளே முழுசாத் தெரியுறாரு: அந்தப் பகுதியோட பேட்டர்ன மட்டும் வச்சே, இவரு இப்ப 4 பேர்ல யார நினைச்சிட்டிருக்காருன்னு குத்துமதிப்பா அடிக்கிறத விட நல்லாவே சொல்ல முடிஞ்சுது. குணங்கள அங்கங்க இருந்து எடுத்து இங்க ஒரு ஆளாக் கட்டுறாங்கங்கிறதுதான் அவங்க குடுக்கிற விளக்கம். ரெண்டு குணம், ஒரு சூழ்நிலை, அவ்வளவுதான் சரக்கு, அதுக்கே மூளை ஒரு ஆளை நிக்க வச்சு நடிக்க வைக்குது!

இன்னும் கம்மி சரக்கும் போதும். 1944ல ஹைடர், ஸிம்மல்னு ரெண்டு பேரு ஒரு பெரிய முக்கோணம், ஒரு குட்டி முக்கோணம், ஒரு வட்டம் மூணும் அங்கயும் இங்கயும் நகர்ற குட்டிப் படம் ஒண்ணு போட்டுக் காட்டி என்ன பாத்தீங்கன்னு 34 பேர்கிட்ட கேட்டாங்க, ஒரே ஒருத்தர்தான் முக்கோணம் நகர்ந்துச்சுன்னு சொன்னாரு, மத்த பேருக்கெல்லாம் அது உசிருள்ள ஜீவன், சண்டை, மிரட்டல், காதல்னு சீரியல் அளவுக்குக் கதை.

இப்ப வாசகியோட அத்தை. இது என் கணிப்பு, ஆய்வு இல்ல: பொறந்ததுல இருந்து அத்தையப் பாத்திருக்கீங்க, கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, ரேஷன் கடை க்யூவுல எல்லாத்துலயும் அவங்க எப்படி நடந்துப்பாங்கன்னு மூளைக்கு அத்துப்படி. "இந்த வில்லி இப்ப என்ன சொல்லுவா?"ன்னு கேட்டதும் மூளைக்குள்ள ரெடியா இருக்கிற அத்தை மாடல் முந்திக்குது. அத்தை மேல தப்பில்ல, அவங்கள முழு ஆளாவே எடுத்துட்டு வந்ததுதான் பிரச்சனை.

முழு ஆளா எடுக்காம உடைச்சு எடுத்த ஒரு முதல் நாவல்காரியப் பாப்போம். செத்த உடம்புக்கு உயிர் குடுக்கிற விஞ்ஞானி கதை 'ஃப்ராங்கென்ஸ்டைன்' எழுதின மேரி ஷெல்லி, 1816 ஜூன், ஜெனீவா ஏரிக்கரை, வயசு 18. அதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல்ல இந்தோனேஷியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு கந்தகத் துகள் மேல போய் வெயில மறைச்சதுல ஐரோப்பாவுல அந்த வருஷம் கோடையே வரல, ஓயாத மழை, வெளிய போக வழியில்லாம கவிஞர் பைரன் வீட்டுல உக்காந்து பேய்க்கதை படிச்சிட்டிருந்தவங்க ஆளுக்கொரு கதை எழுதுவோம்னு போட்டி வச்சாங்க. தினமும் காலைல "கதை யோசிச்சியா?", தினமும் "இல்ல". அப்புறம் ஒரு ராத்திரி, தூக்கமும் இல்லாத முழிப்பும் இல்லாத நிலையில, தான் கோத்து உருவாக்கின ஒரு உருவத்துக்குப் பக்கத்துல மண்டிபோட்டு உக்காந்திருக்கிற வெளிறிப்போன மாணவன் ஒருத்தன் கண்ணு முன்னாடி வந்தான்னு 1831 பதிப்போட முன்னுரையில எழுதியிருக்காங்க. ஃப்ராங்கென்ஸ்டைன் பிறந்த கதை இது.

கேக்க கடாட்சம் மாதிரியேதான் இருக்கு. ஆனா மேரியோட அஞ்சறைப்பெட்டிக்குள்ள என்னல்லாம் இருந்துச்சுன்னு பாருங்க. செத்த தவளைக் கால்ல கரண்ட் பட்டா துள்ளுதுன்னு கால்வானிங்கிற இத்தாலி விஞ்ஞானி காட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1803ல லண்டன்ல தூக்குல போட்ட ஒரு கைதி உடம்புக்கு அல்தினிங்கிற இன்னொரு விஞ்ஞானி மின்சாரம் குடுத்து தாடை துடிச்சதும் ஒரு கண்ணு திறந்ததும் ஊர் முழுக்கப் பேச்சு. அந்த வீட்டு ராத்திரிப் பேச்சுல பைரனும் மேரியோட காதலர் பெர்சி ஷெல்லியும் எராஸ்மஸ் டார்வின் (பரிணாமக் கொள்கை டார்வினோட தாத்தா) ஒரு துண்டு சேமியாவ கண்ணாடிக்குள்ள போட்டு வச்சு அது தானா அசைய ஆரம்பிச்சதாமேன்னு ஒரு வதந்தியப் பேசுறாங்க, மேரி ஓரமா உக்காந்து கேட்டுட்டிருக்காங்க. உலக இலக்கியத்துல சேமியாவுக்கு இவ்வளவு பெரிய இடம் வேற எங்கயும் கிடையாதுன்னு நினைக்கிறேன். பெர்சி சின்ன வயசுல கெமிஸ்ட்ரி, மின்சாரம்னு வீட்டுலயே சோதனை பண்ணி அலைஞ்ச ஆளு, 1810ல முதல் கவிதைப் புத்தகத்துக்கு அவர் வச்சுக்கிட்ட புனைபெயர் விக்டர். நாவல்ல விஞ்ஞானி பேரும் விக்டர்.

இது போதாதுன்னு மேரியோட டைரியில 1815 மார்ச் 19ன்னு ஒரு பதிவு இருக்கு. குறைமாசத்துல பிறந்த முதல் குழந்தை ரெண்டு வாரம் இருந்துட்டு மார்ச் 6 செத்துப்போச்சு. 19ம் தேதி டைரி சொல்றது: குழந்தை திரும்ப உயிரோட வந்த மாதிரி கனவு, அது சில்லிட்டுதான் போயிருந்துச்சாம், நெருப்புக்கு முன்னாடி வச்சுத் தேச்சு விட்டதும் பிழைச்சுக்கிச்சாம். முழிச்சுப் பாத்தா குழந்தை இல்ல. செத்த உடம்பு சூடேறி எழுந்திரிக்கிறது இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் பேச்சுக்கும் முன்னாடியே வீட்டுக்குள்ள நடந்த விஷயம். அவங்கம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட்டும் இவங்கள பெத்த 11வது நாள் இறந்தவங்க. பிறப்பும் சாவும் ஒட்டிக்கிட்டே கிடந்த மனசு.

மேரிக்கே இது தெரிஞ்சிருக்கு. அதே முன்னுரையில, புதுசா உண்டாக்குறதுங்கிறது சூன்யத்துலருந்து வர்றதில்ல, கலைஞ்சு கிடக்கிறதுலருந்து வர்றது, சரக்கு முதல்ல கையில இருக்கணும்னு எழுதியிருக்காங்க. அதுக்கு முந்தின வரியில இந்துக்கள் உலகத்தத் தாங்க யானைய வச்சாங்க, அந்த யானைய ஆமை மேல நிக்க வச்சாங்கன்னு நம்மளையும் இழுத்திருக்காங்க, எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்தாகணும்ங்கிறதுக்கு உதாரணமா.

அப்ப ஏன் எங்கிருந்தோ வந்த மாதிரி தோணுது? ஒரு விஷயத்த எங்க கேட்டோம், யார் சொன்னாங்கங்கிற தகவல் அந்த விஷயத்த விட சீக்கிரம் அழியும், விஷயம் மட்டும் மிச்சம் நிக்கும். இது ஆபத்தாவும் முடியும். கண்ணு தெரியாத, காது கேக்காத ஹெலன் கெல்லர் 11 வயசுல ஒரு கதை எழுதினாங்க, பத்திரிகையிலயும் வந்துச்சு, அப்புறம் பாத்தா அது மார்கரெட் கேன்பிங்கிறவங்க எழுதின கதையோட அச்சு. சில வருஷம் முன்னாடி யாரோ அவங்க உள்ளங்கையில விரலால எழுத்து எழுத்தா சொன்ன கதை, கேட்டதே மறந்து கதை மட்டும் உள்ள கிடந்திருக்கு. 1892ல அந்தக் குழந்தைய உக்கார வச்சு பெரியவங்க விசாரணை நடத்தினாங்க. அதுக்கப்புறம் எத எழுதினாலும் இது என்னோடதுதானான்னு பயம் விடலன்னு சுயசரிதையில சொல்றாங்க. கேரக்டருங்க விஷயத்துல இந்த மறதி வேற மாதிரி விளையாடும். 2003ல மார்ஜரி டெய்லர்ங்கிற சைக்காலஜிஸ்ட்டும் கூட இருந்தவங்களும் 50 கதை எழுத்தாளர்களப் பேட்டி எடுத்தப்ப 46 பேரு, கேரக்டர் எங்க பேச்சக் கேக்காம தானா நடந்துக்குதுங்கிற மாதிரி அனுபவம் சொன்னாங்க. பேய் பிடிக்கல. மாடல் பழகப் பழக வேகமா ஓடுது, ஓடுறது நமக்குத் தெரியறதில்ல, பதில் மட்டும் மேல வருது, அதான் அடுத்தவங்க பேசின மாதிரி கேக்குது. டெய்லரோட விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான்.

இதெல்லாம் டொரான்டோ, லண்டன், பாஸ்டன். நம்மூர்ல எம்ஆர்ஐ மெஷினுக்கா பஞ்சம்? கதை எழுதுற மூளையப் பாக்கணும்னு யாராவது ப்ரபோசல் போட்டா "இதனால மக்களுக்கு என்ன பயன்?"னு ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவாங்களோங்கிற பயத்துலயே யாரும் போடறதில்லங்கிறது என் சந்தேகம். வாய்மொழியா ராத்திரி முழுக்கக் கதை சொல்ற, கூத்துல விடிய விடிய கேரக்டரா நிக்கிற ஆளுங்க இருக்கிற ஊர்ல இந்த ஆராய்ச்சி நடக்கலன்னா வேற எங்க நடக்கும்? இதுக்கு ராக்கெட் பட்ஜெட்டும் தேவையில்ல.

வாசகிக்கு ஒரு டெக்னிக் சொல்றேன், இதுவும் லேப்ல இருந்து வந்ததுதான். டோனா ரோஸ் அட்டிஸ், ஷாக்டர் டீம் 2009ல ஆய்வுக்கு வந்தவங்களோட சொந்த ஞாபகத்துலருந்தே ஆளு, இடம், பொருள்னு தனித்தனியா லிஸ்ட் எடுத்து, அதக் குலுக்கி, சம்பந்தமே இல்லாத மூணச் சேத்துக் குடுத்து ஒரு சம்பவத்தக் கற்பனை பண்ணச் சொன்னாங்க. நீங்க ஆளையும் உடைச்சிருங்க. அத்தையோட பேச்சு மட்டும் ஒரு சீட்டுல, ஸ்கூல்ல இருந்த பி.டி. சாரோட நடை ஒரு சீட்டுல, டவுன் பஸ்ல சில்லறைக்காக சண்டை போட்டுட்டு இறங்குறப்ப கண்ணத் துடைச்சுக்கிட்ட ஒருத்தரோட அந்தக் கண்ணு ஒரு சீட்டுல. குலுக்கி எடுத்த மூணையும் ஒரே ஆளுக்குக் குடுத்து, அத்தை வாழ்க்கையில கால் வைக்காத ஒரு இடத்துல, மீன் ஏலம் போற துறைமுகமோ ராத்திரி ஷிப்ட் ஓடுற ஸ்பின்னிங் மில்லோ, அங்க கொண்டுபோய் நிறுத்துங்க. ரெடிமேட் பதில் எதுவும் இருக்காது. முதல் ரெண்டு நாள் அந்த ஆளு வாயே திறக்க மாட்டான், அப்பவும் பழைய மாடலக் கூப்பிடாம உக்காந்திருங்க.