ஆக்சிஜன் மீட்டர் பேசாமல் இருந்தால் தொட்டிக்குள் குனியலாமா?

மறுபடியும் அதே கதை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சின்ன பீர் ஆலை. பொங்கிக்கொண்டிருந்த தொட்டியில் மாதிரி எடுக்கும் குவளை விழுந்துவிட, அதை எடுக்கக் குனிந்த இளைஞர் விளிம்பிலேயே மயங்கிச் சரிந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். விசாரிக்கப் போன என்னிடம் அங்கே முதலில் சொன்னது: "மீட்டர் இருந்தது சார், அலாரம் அடிக்கவே இல்லை." பாதுகாப்பு ஆய்வு வேலையில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழைய ஆலைகளின் தொட்டிகள் எனக்கும் பிடிக்கும். 'யார்க்‌ஷயர் ஸ்கொயர்' என்பது கற்பலகைகளைச் சேர்த்துக் கட்டிய சதுரத் தொட்டி. டாட்காஸ்டரில் 1758இல் தொடங்கிய சாமுவேல் ஸ்மித் ஆலையில் இன்றும் பெரும்பாலும் அதில்தான் பீர் நொதிக்கிறது. உள்ளே இரண்டு தளம். கீழ்த்தளத்தில் நொதிக்கும்போது ஈஸ்ட் நுரை நடுத்துளை வழியே மேல்தளத்துக்கு ஏறித் தங்கும். பீர் கீழே வடிந்துவிடும். பர்ட்டன் நகரில் ஓக் பீப்பாய்களை வரிசையாகக் கோத்து இதே வேலையைச் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் திறந்த வாய், நாலு பக்கமும் சுவர், ஆள் இறங்கிக் கழுவ ஒரு துளை என்றால், என் கண்ணுக்கு அது முதலில் வாயு தேங்கும் குழி. 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் ஒரு லிட்டர் உருவாவதற்குள் சுமார் 20 லிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். எங்கே போய்த் தேங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, மீட்டருக்கு வருவோம். பெரும்பாலான ஆலைகளில் இருப்பது நாலு வாயு மீட்டர். அது காட்டுவது ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு. இந்த நாலில் கரியமில வாயு இல்லை! மோனாக்சைடு எண்ணைப் பார்த்துவிட்டு "கார்பன் பூஜ்யம்" என்று பதிவேட்டில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு வாயு, இது வேறு வாயு.

"ஆக்சிஜன் குறைந்தால் எப்படியும் அலாரம் அடிக்குமே" என்பார்கள். கணக்குப் போடுங்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கரியமில வாயு 5 சதவீதம் கலந்தால் ஆக்சிஜன் 19.9க்குத்தான் இறங்கும். அலாரம் வழக்கமாக 19.5இல் வைக்கப்பட்டிருக்கும். அது அடிக்க வாயு ஏறத்தாழ 7 சதவீதம் ஆக வேண்டும். ஆனால் 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) வரையறுத்திருக்கிறது. பிரிட்டனில் எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 0.5 சதவீதம்தான். இந்த வாயு ஆக்சிஜனின் இடத்தைப் பிடிப்பதால் மட்டும் கொல்வதில்லை. தானே ரத்தத்தில் கலந்து மூளையைக் கவிழ்க்கிறது. தலைவலி, மூச்சிரைப்பு, குழப்பம். 10 சதவீதத்தை எட்டினால் சீக்கிரமே நினைவு தப்பிவிடும். அப்போதும் ஆக்சிஜன் 18.8 இருக்கும்.

அப்புறம் மெழுகுவர்த்தி. நம் ஊரில் பாழ்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல, இங்கேயும் பழைய ஆட்கள் சுடரை நம்புவார்கள். 1767இல் லீட்ஸுக்குக் குடிவந்த வேதியியல் அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, வீட்டுக்குப் பக்கத்து ஆலையின் தொட்டிமேல் எரியும் குச்சியைப் பிடித்தார், அணைந்தது. அந்தப் புகை வாயுப் படலத்தோடு சேர்ந்து மிதந்து, விளிம்பைத் தாண்டி வழிந்ததையும் பார்த்தார். படலத்தின் கனம் ஓர் அடி வரை இருக்கும் என்று எழுதியிருக்கிறார். அருமையான சோதனை. ஆனால் சுடர் அணைந்தால் ஆபத்து என்பதற்குத்தான் அது சாட்சி. எரிந்தால் ஆபத்தில்லை என்பதற்கு அல்ல. 5 சதவீத வாயுவில் மெழுகுவர்த்தி தாராளமாக எரியும்.

ஆகவே, கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் மீட்டர் வாங்குங்கள். சட்டைக் காலரில் ஒன்று, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சுவரில் ஒன்று. எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையில் சுற்றி என்ன பயன்? கீழே வையுங்கள். பீரை மேலே இறைத்துக் கலக்கும் நேரத்தில் வாயு குபீரென்று கிளம்பும். அந்த அறையில் சும்மா நிற்காதீர்கள். பீரை வெளியேற்றிவிட்டால் தொட்டி காலி என்று நினைக்காதீர்கள், வாயு உள்ளேயேதான் கிடக்கும். காற்றை ஊதி வெளியேற்றி, அடிவரை அளந்து, வெளியே ஒருவரை நிறுத்தி, அனுமதிச்சீட்டு எழுதிய பிறகு இறங்குங்கள். குவளை விழுந்தால் விழட்டும், கொக்கி வைத்து எடுக்கலாம்.

உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று நையாஷ் 1986இலேயே சொல்லிவிட்டது. இறங்குபவருக்கு முதலிலேயே கயிறும் பட்டையும் கட்டியிருந்தால் வெளியிலிருந்தே இழுக்கலாம். அது இல்லையென்றால் காற்றை ஊதுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பழைய ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வாங்க, முகர்ந்து பாருங்க" என்று வழிகாட்டியே கூப்பிட்டாலும் விளிம்புக்கு மேல் தலையை நீட்டாதீர்கள். மூக்கில் சுருக்கென்று குத்தினால் உடனே விலகி வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். குழந்தைகளைத் தூக்கி உள்ளே காட்ட வேண்டாம். தரையோரம் விளையாட விடவும் வேண்டாம்.