கால் நினைவில் வைப்பது தூரத்தையா, விசையையா?

வீட்டில் கார் பந்தய சிமுலேட்டர் அமைக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். "நல்ல ஸ்டியரிங் வாங்கினால் பெடலுக்குப் பணம் மிஞ்சாது. நல்ல பெடல் வாங்கினால் ஸ்டியரிங் சுமாராகத்தான் அமையும். எதில் விட்டுக்கொடுக்கலாம்?" இது முதல் கேள்வி. "பிரேக் பெடலில் லோட் செல் இருக்கிறது என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது வெறும் விளம்பரமா?" இது இரண்டாவது.

இரண்டாவதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். லோட் செல் என்பது விசையை அளக்கும் ஒரு கருவி.

நிஜ காரில் பிரேக்கை மிதிக்கும்போது நடப்பது பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். பெடல் ஒரு பிஸ்டனைத் தள்ளும், குழாயில் உள்ள எண்ணெய் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகும், பிரேக் பேட் வட்டத்தகட்டைக் கவ்வும். பேட் தகட்டைத் தொடும்வரைதான் பெடல் தாராளமாக நகரும். தொட்ட பிறகு நகர இடமில்லை, திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதற்கு மேல் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு உராய்வு, அவ்வளவுக்கு வேகக் குறைவு. பெடல் நகர்வது சில மில்லிமீட்டர்தான். ஆனால் விசையோ 10 கிலோ எடைக்குச் சமமான அளவிலிருந்து 80, 100 கிலோவரை ஏறலாம். ஓட்டுநர் பிரேக்கைக் கட்டுப்படுத்துவது விசையால், தூரத்தால் அல்ல.

சாதாரணப் பயணத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பந்தயத்தில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. டயர் சுழலாமல் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால், லேசாகச் சறுக்கத் தொடங்கும் நிலையில்தான் அதன் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். ஃபார்முலா 1 காரில் டயர் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. 1994 முதல் விதிப்படி தடை. அதனால் அந்த எல்லையை ஓட்டுநரின் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 300 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் அழுத்தத்தில் கால்பங்குதான் 150-ல் இருக்கும். ஆகவே முதலில் ஓங்கி மிதித்துவிட்டு, வேகம் குறையக் குறையக் காலைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். எல்லாம் ஓரிரு நொடிக்குள்.

இப்போது விலை குறைந்த சிமுலேட்டர் பெடலுக்கு வருவோம். அதில் ஒரு ஸ்பிரிங், பெடல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின்மேல் ஒரு முனை உரசிக்கொண்டு நகரும், மின்தடை மாறும். ஆகவே அது சொல்வது கோணத்தை மட்டுமே. உரசல் இருப்பதால் தேய்மானமும் தூசும் கூடவே வரும். என்னுடைய முதல் பெடல் செட்டில் சில மாதங்களிலேயே பிரேக் துடிக்க ஆரம்பித்தது. காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் திரையில் அளவு மேலும் கீழும் குதிக்கும். சுத்தம் செய்தால் சில நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதை. இதற்கு அடுத்த படி ஹால் சென்சார். 1879-ல் எட்வின் ஹால் கண்ட விளைவு அது. காந்தம் ஒன்று தொடாமலேயே நகர்வதை உணர்வதால் தேய்மானம் இல்லை. ஆனால் அதுவும் அளப்பது கோணத்தைத்தான்.

லோட் செல் அளப்பது விசையை. அது எப்படி என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும்; எனக்கு மிகவும் பிடித்த கருவி அது.

லோட் செல் என்பது பார்வைக்கு ஒரு சாதாரண உலோகக் கட்டை. பெரும்பாலும் அலுமினியம் அல்லது எஃகு. நடுவில் துளையிட்டு, ஓரிடத்தில் மட்டும் சுவரை மெலிதாக்கியிருப்பார்கள். அழுத்தினால் கட்டை வளையும். கண்ணுக்குத் தெரியும் வளைவு அல்ல; மெலிந்த இடத்தில் உலோகம் தன் நீளத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும் அல்லது குறுகும், அவ்வளவே. காலை எடுத்ததும் பழைய நிலைக்கு அப்படியே திரும்பிவிடும். ஹூக் விதி.

அந்த இடத்தில் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற சின்ன ஏடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் ஏட்டின்மேல் மெல்லிய உலோகத் தகடு, முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கிப் போகும் கோலம்போல. கட்டை நீளும்போது கோலமும் நீளும். கம்பி நீண்டால் மெலியும். நீண்டு மெலிந்த கம்பிக்கு மின்தடை அதிகம். அவ்வளவுதான் விஷயம். ஏன் மடக்கி மடக்கி வைக்கிறார்கள்? ஒரே திசையில் போகும் நிறைய நீளத்தை நகத்தளவு இடத்தில் அடைப்பதற்கு. ஒவ்வொரு கோடும் நீள்வதால் எல்லாம் சேர்ந்து அளவிடும்படியான மாற்றம் கிடைக்கிறது.

அப்படியும் அந்த மாற்றம் மிகச் சிறியது. கேஜின் மின்தடை 350 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால் மின்தடை கூடுவது அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது 0.7 ஓம். இதற்கு நடுவில் வெப்பநிலை வேறு குறுக்கே வருகிறது. செம்புக் கம்பியாக இருந்தால் ஒரே ஒரு டிகிரி சூடு ஏறியதும் மின்தடை 0.4 சதவீதம் கூடிவிடும். முழு பலத்தோடு மிதித்தால் வரும் மாற்றம் 0.2 சதவீதம்தான்! காலின் விசையை அளக்கப் போய் அறையின் சூட்டை அளந்துகொண்டிருப்போம். அதனால்தான் செம்பும் நிக்கலும் கலந்த, சூட்டுக்கு அதிகம் அசையாத கான்ஸ்டன்டன் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கும் மேலே ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று. நான்கு கேஜ்களைச் சதுரத்தின் நான்கு பக்கங்களாக இணைக்கிறார்கள். கட்டை வளையும்போது நீளும் இடங்களில் இரண்டு, குறுகும் இடங்களில் இரண்டு. சூடு ஏறினால் நான்கின் மின்தடையும் சேர்ந்தே ஏறும், சமநிலை கலையாது, வெளியே எதுவும் வராது. மிதித்தால் இரண்டு ஏறி இரண்டு இறங்கும், சமநிலை ஒரு பக்கம் சாயும். வேண்டாத மாற்றம் தானாகக் கழிந்து, வேண்டிய மாற்றம் நான்கு மடங்காகக் கூடி நிற்கிறது. இவ்வளவு எளிய சுற்றுக்குள் இவ்வளவு யோசனை இருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கடைசியில் வெளிவருவது வழக்கமாக ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமைக்கு 10 மில்லிவோல்ட். 100 கிலோ லோட் செல்லில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிவோல்ட். இதைப் பெருக்கி, எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஸ்ட்ரெய்ன் கேஜின் வரலாற்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கம்பியை இழுத்தால் மின்தடை மாறும் என்று கெல்வின் பிரபு 1856-லேயே சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு கருவி பிறக்க 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1938-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிம்மன்ஸ், எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ரூஜ் என இருவர் ஒருவரை ஒருவர் அறியாமல் அதைச் செய்தார்கள். ரூஜ் ஆராய்ந்துகொண்டிருந்தது நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் எப்படித் தாங்கும் என்பதை. எம்ஐடியின் காப்புரிமைக் குழு, இதற்கு வணிகப் பயன் பெரிதாக இருக்காது என்று கருதி உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. இன்று பாலம், விமானம், தராசு, பிரேக் பெடல் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்பதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர்த் தொட்டியை ஆராய்ந்தவருக்கு அன்று அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

சரி, பெடல் விசையை அளக்கிறது. காலுக்கு அது தெரியுமா? தெரியும். தசையும் தசைநாணும் சேரும் இடத்தில் கால்ஜி தசைநாண் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது; 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கமிலோ கால்ஜியின் பெயர் கொண்டது. கொலாஜன் இழைகள் பின்னலாகக் கிடக்க, அவற்றின் இடுக்குகளில் நரம்பு முனைகள் நுழைந்திருக்கும். தசை இழுத்தால் பின்னல் இறுகும், நரம்பு முனை நசுங்கும், துடிப்புகள் மூளைக்கு ஓடும். இழுவிசை கூடினால் துடிப்பும் கூடும். பொருளின் நுண்ணிய உருமாற்றத்தைக் கொண்டு விசையை அறிவது, அதை மின்குறியாக மாற்றுவது: இது லோட் செல்லேதான். உங்கள் பாதத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே விசையை அளக்கின்றன. அதனால்தான் லோட் செல் பெடலுக்கு மாறியவர்கள் சில நாள் திணறிவிட்டு, பிறகு சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். சிமுலேட்டரில் உடல் முன்னால் தூக்கி வீசப்படாது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குச் செய்தியே போகாது. வேகம் குறைவதை உடலால் உணர முடியாத இடத்தில், காலில் உணரும் விசைதான் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரே கயிறு.

ஆக்சிலரேட்டருக்கு ஹால் சென்சார் போதும். அங்கே நிஜ காரிலும் கோணம்தான் கணக்கு. ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பால் கியர் மாற்றும் கார்களையே ஓட்டுவீர்கள் என்றால் கிளட்ச் பெடல் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் ஸ்டியரிங். வளைவில் திரும்பும்போது தரையைத் தொடும் டயரின் பரப்பு பக்கவாட்டில் இழுபடுகிறது. முன்பகுதி அப்போதுதான் தரையில் பதிகிறது. பின்பகுதி அதிகமாக இழுபட்டிருக்கிறது. ஆகவே பக்கவாட்டு விசை மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்பட்டு, சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. கையில் உணரும் கனத்தில் பெரும்பங்கு இது. எல்லையை நெருங்கும்போது பின்பகுதி முதலில் சறுக்கத் தொடங்கும், விசை மையத்தை நோக்கி நகரும், ஸ்டியரிங் லேசாகும். பிடிமானம் உச்சத்தைத் தொடும் முன்பே இந்தக் கனம் இறங்க ஆரம்பித்துவிடும். கைக்கு வரும் முன்னெச்சரிக்கை அது. சிமுலேட்டர் இதைக் கணக்கிட்டு ஒரு மோட்டாருக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது.

ஸ்டியரிங்கில் தேட வேண்டியது அந்தச் சிறிய இறக்கம் கைக்கு வந்து சேர்கிறதா என்பதைத்தான். பல்சக்கர வகையில் உரசலும் பல்லிடைத் தளர்வும் அதை விழுங்கிவிடும். பெல்ட் வகை வழவழப்பாக்கி மழுக்கும். மோட்டாரின் அச்சிலேயே ஸ்டியரிங் பொருத்தப்பட்ட டைரக்ட் டிரைவில் நடுவில் எதுவும் இல்லை. லாஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கர வகை சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி என்ற டைரக்ட் டிரைவ் 5 தரும், கூடுதல் மின்சாரப் பெட்டியுடன் 8. சிமுக்யூப் 2 ப்ரோ என்ற டைரக்ட் டிரைவ் 25 வரை போகும். எண் பெரிதாக இருந்தால் நன்றாக ஓட்டலாம் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஸ்டியரிங்கில் 6 நியூட்டன் மீட்டர் என்றால் கைகளில் 40 நியூட்டன், சுமார் 4 கிலோ எடை. ஒரு மணி நேரம் தாங்க அது போதுமான கனம். மோட்டாரின் வரம்பை மீறிய விசையைக் கேட்டால் உச்சிகள் எல்லாம் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டு, அந்த முன்னெச்சரிக்கையும் காணாமல் போகும். அதைத் தவிர்க்க 5 முதல் 8 வரை போதும், விசை அளவை மென்பொருளில் சற்றுக் குறைத்து வைத்தால். 20-க்கு மேல் போகிறவர்கள் அவசர நிறுத்தப் பொத்தானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். விபத்தில் ஸ்டியரிங் சுழன்றால் கட்டைவிரல் முறியலாம்.

ஆகவே வாசகருக்கு என் பதில்: லோட் செல் பிரேக்கை முதலில் வாங்குங்கள். சுமாரான ஸ்டியரிங்கோடு ஓட்டிக்கொண்டிருங்கள், டைரக்ட் டிரைவ் பிறகு வரட்டும்.

வாங்கிய அன்றே ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 50, 60 கிலோ விசையோடு பெடலை மிதித்தால் அதே விசை உங்களைப் பின்னால் தள்ளும். சக்கரம் வைத்த நாற்காலி நகர்ந்துவிடும். தனிச் சட்டகம் இல்லாதவர்கள் பெடல் பலகையையும் நாற்காலியின் அடிப்பகுதியையும் ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். விசையும் எதிர்விசையும் அந்தப் பட்டைக்குள்ளேயே முடிந்துவிடும், தரைக்கு வேலையில்லை. பிறகு மென்பொருளில் உச்ச விசையை அமைக்கும்போது, ஒரே ஒரு முறை மூச்சைப் பிடித்து மிதிக்கும் அளவை வைக்காதீர்கள். இருபது சுற்றுக்குப் பிறகும் கால் நடுங்காமல் மிதிக்க முடிகிற அளவை வையுங்கள். நான் 45 கிலோவில் தொடங்கினேன்.