லாம்ப்ரேயிடம் பாவம் பார்க்காதீர்கள்

கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் ஐம்பெரும் ஏரிகளில் ஒன்றான ஒன்ராறியோ ஏரியில் தூண்டில் போட்ட நம்மவர் ஒருவரின் காணொளி போன வாரம் என் கைப்பேசிக்கு வந்தது. ட்ரவுட் மீனின் விலாவில் ஒட்டியிருந்த, விலாங்குபோல் நீண்ட லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீனைப் பிடுங்குகிறார். "பாவம், அதுவும் ஓர் உயிர்தானே" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார். கீழே வாழ்த்து மழை. கோடைதோறும் இப்படி ஒன்று வந்துவிடுகிறது. மீன்வளத் துறையில் பிழைப்பவன் எவ்வளவு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

கேட்டால், "இவ்வளவு பெரிய ஏரியில் ஒரு புழு என்ன செய்துவிடும்?" என்கிறார்கள். அது புழு அல்ல, தாடை இல்லாத மீன். வாய் வட்டமான தட்டு. அதில் வளையம் வளையமாகப் பற்கள், நடுவே அரம் போன்ற நாக்கு. தோலை அராவித் துளைத்து, இரத்தம் உறையாதபடி எச்சிலைக் கலந்து, ஒட்டிய இடத்திலேயே கிடந்து குடிக்கும். ஏரியில் வாழும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையான காலத்தில் ஒரே லாம்ப்ரே 18 கிலோ வரை மீனைக் கொன்றுவிடும். பிறகு ஆறேறி, பெண்ணாக இருந்தால் ஒரு லட்சம் முட்டை வரை இட்டுவிட்டுத்தான் சாகும். பாவம் பார்ப்பதென்றால் விலாவில் சிவந்த வட்டப் புண்ணோடு நிற்கும் அந்த ட்ரவுட்டைப் பாருங்கள்.

அட்லாண்டிக்கைச் சேர்ந்த இது, நயாகரா அருவியைத் தாண்டி, அதற்கு மேலே இருக்கும் மேல் ஏரிகளுக்கு ஏற முடியாமல் இருந்தது. கப்பல்கள் அருவியைச் சுற்றிப் போக வெலண்ட் கால்வாயை வெட்டினார்கள்; வழி திறந்தது. 1921இல் ஈரி ஏரியில் தென்பட்டது, 1938இல் சுப்பீரியர் ஏரியில். அதற்குமுன் மேல் ஏரிகளில் ஆண்டுக்குச் சுமார் 68 லட்சம் கிலோ ஏரி ட்ரவுட் பிடிபட்டது. 1960களின் தொடக்கத்தில் கிடைத்தது ஏறத்தாழ 1.36 லட்சம் கிலோ. அளவுமீறிய மீன்பிடிப்புக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. தன்னை வேட்டையாட ட்ரவுட் இல்லாததால் ஏல்வைஃப் என்ற சிறு மீன் கட்டுக்கடங்காமல் பெருகி, 1967இல் மிச்சிகன் ஏரிக் கரைகளில் குவியல் குவியலாகச் செத்து நாறியது.

"அதுதான் லாம்ப்ரேக்களை 90 விழுக்காடு குறைத்துவிட்டீர்களே, அவற்றைக் கொல்ல இன்னும் ஏன் ஆற்றில் மருந்து?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. குஞ்சுகள் ஆற்றுச் சேற்றுக்குள் பல ஆண்டுகள் புதைந்து வளர்கின்றன. 1950களில் ஏறத்தாழ 6,000 சேர்மங்களைச் சோதித்துக் கண்டெடுத்த டிஎஃப்எம் மருந்து அவற்றைத்தான் கொல்கிறது. 2020, 2021இல் கொரோனாவால் மருந்திடும் வேலை குறைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் லாம்ப்ரே பெருகியது. இன்னும் என்ன சான்று வேண்டும்?

எனக்கு வயிறு எரிவது வேறொன்றில். லாம்ப்ரேயை விட்டுவிடும் அதே கைகள், லாம்ப்ரே என்று நினைத்து விலாங்கை அடித்துக் கொல்கின்றன. அமெரிக்க விலாங்கு இந்த ஏரியின் சொந்தப் பிள்ளை. ஒன்ராறியோ மாகாணத்தில் அழியும் நிலையில் உள்ள இனம். அதற்குத் தாடை உண்டு, செவுளருகே இரு பக்கத் துடுப்புகள் உண்டு. லாம்ப்ரேக்கு இரண்டும் கிடையாது. அதன் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் இருக்கும். எண்ணிப் பாருங்கள், அரை நிமிடம் ஆகாது.

மீனில் ஒட்டியிருந்து, முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகளும் இருந்தால் அது கடல் லாம்ப்ரே. கொன்று குப்பையில் போடுங்கள். உயிரோடு எடுத்துச் செல்லாதீர்கள், தூண்டில் இரையாக்காதீர்கள். ஆற்றில் லாம்ப்ரே பிடிக்க வைத்த பொறியைக் கண்டால் திறந்து வேடிக்கை பார்க்காதீர்கள். ஆனால் ஓடையில் நெளியும் சிறு லாம்ப்ரேக்களைத் தயவுசெய்து தொட வேண்டாம். இங்கே நான்கு சொந்த இனங்களும் இருக்கின்றன, அவற்றில் இரண்டு எந்த மீனையும் கடிப்பதே இல்லை. சந்தேகமென்றால் வாயையும் முதுகையும் படமெடுத்து அனுப்புங்கள், சலிக்காமல் பதில் சொல்கிறேன்.