ஒரு சென்ட் நாணயம் ஒழிந்தால் பில் தொகை என்ன ஆகும்?

ஒரு சென்ட் நாணயத்தை அச்சடிக்க ஒரு சென்ட்டுக்கு மேல் செலவாகிறது என்றால், அதை வைத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. கனடாவில் இந்தச் செலவு 1.6 சென்ட்டைத் தொட்டதும், 2012 மே மாதத்தோடு அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா பொறுத்துப் பொறுத்து, செலவு 3.69 சென்ட் ஆன பிறகு 2025 நவம்பரில்தான் நிறுத்தியது. சரி, நாணயம் போய்விட்டது. பில் மட்டும் 7.43 என்றே வருகிறது. ரொக்கமாகக் கொடுப்பவர் எவ்வளவு கொடுப்பது?

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்லாந்திலும் விதி ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் 5-இன் மடங்குக்குப் போ. கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் 0-க்கு இறங்கும்; 3 அல்லது 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 இரண்டும் 5-க்கு இறங்கும். 8, 9 இரண்டும் அடுத்த 10-க்கு ஏறும். ஆக 7.43 என்பது 7.45 ஆகிறது. 1-இலும் 2-இலும் வாடிக்கையாளருக்கு மிச்சமாகும் 3 சென்ட்டை, 3-இலும் 4-இலும் கடை திரும்பப் பெற்றுவிடுகிறது. எல்லா இலக்கங்களும் சம அளவில் வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

5-க்குப் பதில் 10-க்கு ரவுண்ட் செய்தால் இந்தச் சமநிலை கெடுகிறது. 1 முதல் 4 வரை இறங்கும், 6 முதல் 9 வரை ஏறும், 5 நட்டநடுவில் மாட்டிக்கொள்ளும். 5 வரும்போதெல்லாம் ஏற்றினால், சராசரியாக ஒரு பில்லுக்கு அரை சென்ட் கடைக்குப் போகும். நியூசிலாந்து 2006-இல் 5 சென்ட் நாணயத்தை எடுத்தபோது இந்தச் சிக்கல்தான் வந்தது. ஏற்றுவதா இறக்குவதா என்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டார்கள்.

'கடைக்காரர்கள் எல்லா விலையையும் 9-இல் முடிப்பார்களே, அப்போது எப்போதும் ஏற்றம்தானே?' என்பது நியாயமான சந்தேகம். கணக்குப் போட்டே பார்க்கலாம். 9-இல் முடியும் ஒரு பொருள் வாங்கினால் 1 சென்ட் கூடும். இரண்டு வாங்கினால் கூட்டுத்தொகை 8-இல் முடியும், 2 சென்ட் கூடும். மூன்று வாங்கினால் 7-இல் முடியும், 2 சென்ட் குறையும். நான்கு என்றால் 6, 1 சென்ட் குறையும். ஐந்து என்றால் சரியாக 5. ஐந்தையும் சேர்த்தால் பூச்சியம்! ஆனால் ஒன்றிரண்டு பொருள் மட்டும் வாங்குபவர்கள் அதிகமுள்ள கடையில் இது கடைக்காரர் பக்கம் சாயும், அதை மறுப்பதற்கில்லை. விலையின் மேல் தனியாக வரி சேரும் நாடுகளில் கடைசி இலக்கம் கலைந்துவிடுவதால் இந்தச் சாய்வும் குறைகிறது.

பொருள் பொருளாக ரவுண்ட் செய்தால் கதையே வேறு. அதே ஐந்து பொருளுக்கு ஒவ்வொன்றிலும் 1 சென்ட், மொத்தம் 5 சென்ட் கூடுதலாகப் போகும். என்னைக் கேட்டால், ஏற்றுவதா இறக்குவதா என்பதைவிட எந்த இடத்தில் ரவுண்ட் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். எல்லாப் பொருளையும் கூட்டி, வரியும் சேர்த்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். வரி எப்போதும் ரவுண்ட் செய்யாத தொகைக்குத்தான்.

இன்னொன்று, இது ரொக்கத்துக்கு மட்டும். கார்டில் 7.43 என்றால் 7.43தான் கழியும். கடைசி இலக்கம் 1, 2, 6, 7 வரும்போது ரொக்கமும், மற்ற நேரத்தில் கார்டும் கொடுத்துக் கெட்டிக்காரத்தனம் காட்டலாம்தான். ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 2 சென்ட் தேறும்.

இதையெல்லாம் நாணயத்தை நிறுத்துவதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். 2002-இல் யூரோ நாணயங்கள் புழக்கத்துக்கு வந்த நாளிலேயே பின்லாந்து ரவுண்ட் செய்யும் சட்டத்தையும் கொண்டுவந்தது. அமெரிக்காவிலோ நாடு முழுமைக்கும் ஒரு விதி இல்லாமலே அச்சடிப்பது நின்றுபோனது. சில்லறை தீர்ந்த சில கடைகள் வாடிக்கையாளருக்குச் சாதகமாகத் தாங்களே இறக்கிக்கொண்டன. மற்றவை சரியான சில்லறை கொண்டுவரச் சொல்லி வாசலில் எழுதி ஒட்டின.