ட்ரைகிளிசரைடு: எண்ணெயைக் குறைத்தும் ஏன் இறங்குவதில்லை?

ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 280 என்று அறிக்கை வந்ததும் பலர் முதலில் குறைப்பது எண்ணெயை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் எண் பெரிதாக அசைந்திருக்காது. ஏனென்றால் அந்த அளவில் பெரும்பகுதி கல்லீரலிலேயே தயாராகிறது. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக்கி, கொழுப்பைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. மது இதை இன்னும் முடுக்கும். பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 150 மி.கி.க்குக் கீழே இருந்தால் இயல்பு. அதற்கு மேல் 500 வரை இனிப்பு, மது, எடை மூன்றும்தான் முக்கியம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு 20 சதவீதம்வரை இறங்கலாம். உடற்பயிற்சி, தசையின் நுண்ணிய ரத்தநாளங்களில் கொழுப்பை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் நொதியைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் ஓரிரு நாளில் மங்கிவிடும். ஆகவே வாரம் 150 நிமிடத்தை ஒரே நாளில் முடிக்காமல் ஐந்து நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1000ஐத் தாண்டினால் நிலைமை வேறு. நொதி ஈடுகொடுக்க முடியாமல், சாப்பிட்ட கொழுப்பும் ரத்தத்தில் தேங்கும். ரத்த அணுக்களை நீக்கிப் பிரித்தெடுத்த திரவமான சீரம் பால்போல் வெளுத்திருக்கும். கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. இங்கே 'நல்ல எண்ணெய்' என்று எதுவும் கிடையாது: மொத்தக் கலோரியில் கொழுப்பு 10–15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மது அறவே கூடாது. மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக்கு முன் சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரகம், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகள் காரணமா என்று பார்க்க வேண்டும். இதயத்தைக் காக்க முதல் மருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின். ட்ரைகிளிசரைடையும் 10–30 சதவீதம் குறைக்கும். ஃபைப்ரேட் வகை மருந்தான ஃபீனோஃபைப்ரேட் 30–50 சதவீதம் குறைத்தாலும், அதன் முக்கிய வேலை 500க்கு மேல் கணையத்தைக் காப்பதே. 2022இல் வெளியான 'ப்ராமினன்ட்' ஆய்வில் அதே வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடு அளவைக் குறைத்தது, ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. இன்னொரு ஃபைப்ரேட்டான ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டேட்டினுடன் சேர்த்தால் தசை சிதையும் அபாயம் கூடும்.

ட்ரைகிளிசரைடைக் குறைக்க, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பின் சிகிச்சை அளவு நாளுக்கு 4 கிராம். சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மி.கி.தான், கணக்குப்படி தினம் 13 விழுங்க வேண்டும். அதற்கென்றே செறிவூட்டிய மருந்து உண்டு. அதிலும் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பு தேவை.

சிகிச்சை தொடங்கி 4 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை செய்யலாம். 12 மணி நேரம் வெறும் வயிறு, முந்தைய நாட்களில் மது கூடாது. எண் 400க்கு மேல் இருந்தால் வழக்கமான சூத்திரத்தில் போடும் எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) கணக்கு தப்பாகும். அதை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.