லீ ஷோர் ஒதுங்கும் கரை அல்ல

‘புயலில் காற்று மறைவுக் கரையை நெருங்காதே.’ பாய்மரப் படகு பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வரியை விடுவதாக இல்லை. ஆங்கிலத்தின் ‘லீ ஷோர்’ (lee shore) என்பதைத்தான் ‘காற்று மறைவுக் கரை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். தர்மபுரியில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? மறைவில்தானே ஒதுங்க வேண்டும், ஏன் விலகச் சொல்கிறார்கள் என்று குழம்புவார். கடலோரத்துக்காரர் பிழையைச் சட்டென்று பிடித்துவிடுவார். இங்கே இருப்பவருக்குச் சொல்லை விட்டால் வேறு பிடி இல்லை.

‘லீ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் ஒதுங்குமிடம். கப்பலில் காற்று மோதாத பக்கம் லீ பக்கம். அந்தப் பக்கமாக இருக்கும் கரை லீ ஷோர். மறைவு கப்பலுக்குத்தான், கரைக்கு இல்லை. கரையில் காற்று நேராக வந்து அறைகிறது, அலையும் அப்படியே. மழைமறைவுப் பகுதி என்று மலைக்குப் படித்த பாடத்தை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனதால் பொருள் தலைகீழாகிவிட்டது.

பாய்மரம் முறிந்தோ சுக்கான் போயோ நிற்கும் படகை இந்தக் கரைக்குத் தள்ளுவதே காற்றுதான். புயலுக்கென்று உள்ள சின்னப் பாயைக் கட்ட முடிந்தால் காற்றுக்குச் சாய்வாக வெளியேறப் பார்க்கலாம். முடியாவிட்டால், அலை உடையும் இடத்துக்கு முன்பே நங்கூரம் போட வேண்டும். ஆழத்தைப் போல 7 மடங்காவது கயிறு விட வேண்டும். இந்த நேரத்தில் ‘மறைவு’ என்ற சொல்லை நம்பி ஒருவர் கரையைத் தேடிப் போனால் படகு பாறையில்தான் நிற்கும்.

‘வளிமுகக் கரை’ என்று சிலர் திருத்துகிறார்கள். பொருள் சரி, தூய தமிழும்கூட. ஆனால் படித்தவுடன் புரிகிறதா? கிருஷ்ணகிரி அணையில் பரிசலில் வலை போடுபவரிடம் கேளுங்கள், ‘காத்து கரைக்குத் தள்ளுது’ என்பார். ‘தள்ளு’ என்ற வினைச்சொல் அவரிடமே இருக்கிறது. ‘காற்று தள்ளும் கரை’ என்று எழுதினால் போதும். ஆபத்தும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தாலே பாதிப் பிழை போய்விடும். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். ‘சீ ஆங்கர்’ ‘கடல் நங்கூரம்’ ஆனதும் இப்படித்தான். அது கடலடித் தரையைத் தொடாது. முன்பக்கத்திலிருந்து நீரில் விடும் துணிக்குடை அது. படகை அலைக்கு முகம் காட்ட வைத்து, தள்ளப்படும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ‘நீர்க்குடை’ என்று சொல்லுங்கள். அப்போதுதான் கரை நெருங்கும்போது உண்மையான நங்கூரம் தனியாக வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியும்.